வரியின் எல்லையும் பயணத்தின் எல்லையும்: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் பொதுப் போக்குவரத்து நிதியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழக – கர்நாடக எல்லையில் அமைந்த ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் நாள்தோறும் நிகழும் பணிப் பயணம் ஊராட்சி, மாநகராட்சி, மாவட்டம், மாநிலம் ஆகிய எல்லைகளைக் கடந்து செல்கிறது. அப்பயணத்துக்கான நிதியும் அதிகாரமும் மாநிலத் தலைநகரங்களில் நிலைகொண்டுள்ளன. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் தல வரி விதித்து இருப்புப்பாதை அமைத்த காலத்திலிருந்து இன்றுவரை, போக்குவரத்துக்கான வரியுரிமை தல அமைப்புகளிடமிருந்து படிப்படியாக எவ்வாறு விலகியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பகுதியின் குறை பணப் பற்றாக்குறை மட்டுமன்று, தல வரியைத் தலச் சேவையோடு பிணைக்கும் அமைப்பு இல்லாமையே அடிப்படைக் குறை என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி, ஜில்லா போர்டு, இருப்புப்பாதை மேல்வரி, தொழில்வரி, மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்து

1. முன்னுரை

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலும், மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலும் உள்ளன. மாநிலத் தலைநகரான சென்னையோ 300 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய ஆலைகள் 1980களில் இப்பகுதியின் முகத்தை மாற்றின. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 18,79,809 ஆகும். 2019இல் ஓசூர் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

தொழில் வளர்ச்சி குறித்த ஆய்வுகள் முதலீட்டையும் நிலத்தையும் பேசிய அளவுக்குத் தொழிலாளர் ஆலைக்கு வந்துசேரும் வழியைப் பேசவில்லை. அவ்வழிக்கு யார் பணம் தருகிறார், யார் முடிவெடுக்கிறார் என்னும் இரு வினாக்களே இக்கட்டுரையின் மையம். இவ்விரண்டுக்கும் ஒரே அமைப்பு விடையாக இருந்த காலமும் தமிழகத்தில் உண்டு. எனவே ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

2. ஜில்லா போர்டும் மூன்று தம்பிடி மேல்வரியும்

சென்னை மாகாணத்தில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலங்களின் ஆண்டு வாடகை மதிப்பில் ரூபாய்க்கு 3 தம்பிடி வீதம் சிறப்பு மேல்வரி விதித்து இருப்புப்பாதைக்கு நிதி திரட்டியது. அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. ஆகவே இவ்வரி மதிப்பில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. அந்நிதியைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் நீளப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. பின்னர் 1902இல் பட்டுக்கோட்டை வரையிலும், 1903இல் அறந்தாங்கி வரையிலும் அது நீண்டது.

இம்முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, வரியின் நோக்கம் குறிக்கப்பட்டிருந்தது. பொதுக் கருவூலத்தில் கலந்து மறைந்துவிடாமல் அது இருப்புப்பாதைக்கே செலவாயிற்று. இரண்டாவது, பாதையின் உடைமை போர்டிடம் இருந்தது. மூன்றாவது, வண்டி ஓட்டும் பணியைப் போர்டு தானே மேற்கொள்ளாமல் தென்னிந்திய இரயில்வே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. உடைமையையும் இயக்கத்தையும் பிரித்துக் கையாளும் இன்றைய ஒப்பந்த முறையின் முன்னோடி என இதனைக் கொள்ளலாம். பிற்காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூர் – பொள்ளாச்சிப் பாதையையும், திருநெல்வேலி ஜில்லா போர்டு திருச்செந்தூர்ப் பாதையையும் அமைத்தன.

இக்காலத்தைப் பொற்காலமாகப் போற்றுதல் பிழையாகும். ஜில்லா போர்டுகள் காலனிய அரசின் மேற்பார்வையில் இயங்கியவை. அவற்றில் செல்வாக்குப் பெற்றிருந்தோர் பெரும்பாலும் நிலவுடைமையாளர். வரியின் சுமை சாகுபடி நிலத்தின்மேல் விழுந்தது. பாதையால் ஆதாயம் பெற்ற வணிகரும் நகரத்தாரும் அதற்கு ஈடான பங்கைச் செலுத்தவில்லை. எனினும் வரி விதிப்பவரும் பாதையின் போக்கைத் தீர்மானிப்பவரும் ஒரே அமைப்பினராக இருந்தமையால், வரி செலுத்தியவர் அதற்குரிய பயனை எங்கே கேட்பது என்பதை அறிந்திருந்தார்.

3. ஓசூருக்கு வந்து மறைந்த இருப்புப்பாதைகள்

அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களுக்கு இருப்புப்பாதை வேறு வழியில் வந்தது. அவை தல வரியால் எழுந்தவை அல்ல. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்லும் நோக்குடன் அமைக்கப்பட்ட பஞ்சக் காப்புப் பாதைகள் அவை. இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் திறக்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் திறக்கப்பட்ட மற்றொரு பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது.

இரண்டும் நிலைக்கவில்லை. கிருஷ்ணகிரிப் பாதை 1936இலும், ஓசூர்ப் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1941இலும் மூடப்பட்டன. 1960களின் இறுதியில் பெங்களூரு – சேலம் பாதை அமைந்தபோது ஓசூர் மீண்டும் இருப்புப்பாதை பெற்றது. கிருஷ்ணகிரி நகரம் இன்றளவும் இரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகராகவே உள்ளது. தல வரி இருந்திருந்தால் இப்பாதைகள் பிழைத்திருக்கும் என உறுதிபடக் கூறுவதற்கில்லை. மேலிருந்து வந்த முடிவால் கிடைத்த பாதை மேலிருந்து வந்த முடிவாலேயே போயிற்று என்பதும், அம்முடிவில் வட்டார மக்களுக்கு உடைமையுரிமை சார்ந்த பங்கு இருக்கவில்லை என்பதும் கருதத்தக்கன.

4. சுங்கச்சாவடியிலிருந்து மாகாண வரிக்கு

சாலைப் போக்குவரத்திலும் தல அமைப்புகளுக்குத் தனி வருவாய் இருந்தது. சாலைகளில் சுங்கச்சாவடி அமைத்து வண்டிகளிடம் கட்டணம் பெற்றன. மோட்டார் வாகனங்கள் பெருகியபோது ஊருக்கு ஊர் நின்று சுங்கம் செலுத்துவது இடையூறாயிற்று. சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம், 1931 இவற்றுக்கு மாற்றாக மாகாணம் முழுமைக்கும் ஒரே வரியைக் கொண்டுவந்தது. இழந்த வருவாய்க்கு ஈடாகத் தல அமைப்புகளுக்கு மாகாண அரசு தொகை வழங்கியது.

நிருவாக நோக்கில் இது சீர்திருத்தமே. ஆயினும் தன் உரிமையால் பெற்ற வருவாயைத் தல அமைப்பு இனி மேலிருந்து வரும் ஈட்டுத்தொகையாகப் பெற வேண்டியதாயிற்று. போக்குவரத்து பெருகப் பெருகத் தல வருவாயும் பெருகும் நேரடித் தொடர்பு அறுந்தது. இன்று தேசிய நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் சுங்கச்சாவடிகள் மீண்டும் நிற்கின்றன. அங்குப் பெறப்படும் கட்டணம் நெடுஞ்சாலைக்கு உரியது. சாவடி அமைந்துள்ள வட்டாரத்தின் பேருந்துச் சேவைக்கு அதில் பங்கில்லை.

5. கழகங்களின் காலம்

விடுதலைக்குப் பின் ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டு ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன. மாவட்ட அளவில் வரி விதித்துப் பெரும்பணி மேற்கொள்ளும் அமைப்பு அத்துடன் மறைந்தது. 1970களின் தொடக்கத்தில் பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களின் வழித்தடங்கள் அரசுடைமையாயின. 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகமும், 1987இல் தருமபுரியில் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகமும் தோன்றின. 1997இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர் தருமபுரிக் கழகம் சேலம் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

நாட்டுடைமையால் ஆதாயமற்ற வழித்தடங்களுக்கும் பேருந்து சென்றது. சிற்றூர் மாணவரும் கூலித் தொழிலாளரும் அதனால் பெற்ற பயன் பெரிது. 2021 முதல் நடைமுறையில் உள்ள மகளிர் கட்டணமில்லாப் பயணமும் இம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் இவற்றுக்கான நிதி மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. எந்தச் சிற்றூருக்கு எத்தனை நடை என்பதைக் கழகம் தீர்மானிக்கிறது.

74ஆம் அரசமைப்புத் திருத்தம் (1992) சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையைக் காண்க. நகர அமைப்புகளுக்குரிய 18 பொருள்களில் சாலையும் பாலமும் உண்டு, பேருந்து நிறுத்தமும் உண்டு, பேருந்துச் சேவை இல்லை. நிழற்குடை மாநகராட்சியின் பொறுப்பாகவும், அங்கு வந்து நிற்க வேண்டிய பேருந்து மாநிலத்தின் பொறுப்பாகவும் பிரிந்த நிலை இது.

6. ஆலைப் பேருந்து என்னும் மறைமுக வரி

பொதுச் சேவையின் இடைவெளியை ஆலைகளே நிரப்பின. ஷிப்டு நேரங்களில் ஓசூர்ச் சாலைகளில் காணப்படும் நிறுவனப் பேருந்துகள் இதற்குச் சான்று. அண்மையில் சூளகிரி, கூத்தனப்பள்ளி, போச்சம்பள்ளி ஆகிய பகுதிகளில் பெருந்தொழில்கள் அமைந்தபின் இப்பேருந்துகளின் பயணம் மாவட்டம் முழுவதும் விரிந்துள்ளது. அதாவது முதலாளிகள் தொழிலாளர் போக்குவரத்துக்கு ஏற்கெனவே பணம் செலுத்துகின்றனர். அது வரியாக வாராமல் தனிச் செலவாக நிற்கிறது.

இதன் விளைவு சமூக நோக்கில் முக்கியமானது. ஆலைப் பேருந்து ஊர் வழியாகச் சென்றாலும் அடையாள அட்டை இல்லாதவர் அதில் ஏற இயலாது. சிறு பட்டறையில் வேலை செய்பவரும், ஒப்பந்தத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரும் அதன் பயனுக்கு வெளியே நிற்கின்றனர். இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்ணின் பாதுகாப்பும் அவர் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இங்குப் பிரான்சு நாட்டின் முறை ஒப்பிடத்தக்கது. அங்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பாரிசு வட்டாரத்திலும், 1973 முதல் பிற பெருநகரங்களிலும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பணியாளர் கொண்ட முதலாளிகள் தாம் வழங்கும் ஊதியத் தொகையின்மேல் போக்குவரத்து வரி செலுத்துகின்றனர். இன்று அவ்வரம்பு 11 பணியாளர். வரி, சேவை நடைபெறும் வட்டாரத்தின் போக்குவரத்து அமைப்புக்கே செல்கிறது. தஞ்சை மேல்வரிக்கும் இதற்கும் நோக்கம் குறித்த தல வரி என்னும் ஒற்றுமை உண்டு. நிலத்தின்மேல் விழுந்த சுமை இங்கு ஊதியம் வழங்குவோர்மேல் விழுகிறது என்பது வேற்றுமை.

7. எல்லையும் தொழில்வரியும்

தமிழகத்தில் இம்முறைக்கு நெருக்கமானது தொழில்வரி. அரசமைப்பின் 276ஆம் உறுப்பு இதற்கு இடமளிக்கிறது. 1988இல் நிறைவேறிய 60ஆம் திருத்தம் இதன் உச்ச வரம்பை ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்த்தியது. அதன்பின் வரம்பு மாறவில்லை. தமிழகத்தில் இவ்வரியை ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் பெறுகின்றன. கர்நாடகத்தில் இதனை மாநில அரசே பெறுகிறது.

இவ்வேற்றுமை எல்லையில் கூர்மை பெறுகிறது. ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ பணிபுரிபவரின் தொழில்வரி கர்நாடகக் கருவூலத்துக்குச் செல்கிறது. அவர் காலையில் நிற்கும் நிறுத்தமும் நடக்கும் தெருவும் ஓசூர் மாநகராட்சியின் செலவில் அமைகின்றன. சிற்றூரில் குடியிருந்து ஓசூர் ஆலையில் பணிபுரிபவரின் வரி ஆலை அமைந்துள்ள தல அமைப்புக்குச் சேர்கிறது. அவருடைய ஊருக்குப் பேருந்து விட அதில் ஒரு ரூபாயும் ஒதுக்கப்படுவதில்லை.

சேவையை ஒழுங்குபடுத்தும் சட்டமும் இவ்வாறே அமைந்துள்ளது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 88ஆம் பிரிவின்படி எல்லை கடக்கும் பேருந்துகளின் எண்ணிக்கை இரு மாநில அரசுகளின் உடன்பாட்டால் முடிவாகிறது. உடன்பாட்டின் முன்வரைவு அரசிதழிலும் நாளிதழிலும் வெளியிடப்பட்டுக் கருத்துகள் பெறப்படும். ஓசூர் மாநகராட்சி அங்குக் கருத்துரைப்போரில் ஒருவராக இருக்க முடியும், உடன்படும் தரப்பாக அல்ல.

இருப்புப்பாதைத் திட்டங்களிலும் இதே நிலை. பெங்களூரு புறநகர் இரயில் திட்டத்தின் ஒரு தடம் ஓசூர்ப் பாதையில் ஹீலலிகேயுடன் முடிகிறது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. அதனை ஓசூரோடு இணைப்பது குறித்த சாத்தியக்கூற்று ஆய்வைச் சென்னை மெட்ரோ நிறுவனம் மேற்கொண்டது. பெங்களூரு மெட்ரோ மூன்றாம் தண்டவாளத்தின்வழி 750 வோல்ட் மின்சாரத்திலும், சென்னை மெட்ரோ மேல்நிலைக் கம்பியின்வழி 25,000 வோல்ட் மின்சாரத்திலும் இயங்குகின்றன. இத்தொழில்நுட்ப வேற்றுமைக்குப் பின்னால் பழைய வினாவே நிற்கிறது: எல்லையின் இருபுறமும் பயன்தரும் பாதைக்கு எந்த வட்டாரத்தின் வரி, எந்த அமைப்பின் பெயரில் செலவாகும்?

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தல வரியால் வட்டாரப் போக்குவரத்து அமைத்தல் தமிழகத்துக்கு அயலான கருத்தன்று. இரண்டு, 1931இன் வரிச் சீர்திருத்தமும், ஜில்லா போர்டுகளின் மறைவும், 1970களின் நாட்டுடைமையும் தத்தம் அளவில் நியாயம் உடையவை. ஆயினும் அவற்றின் கூட்டு விளைவாக வரியும் சேவையும் தல அமைப்பின் கையிலிருந்து நீங்கின. மூன்று, எல்லைப் பகுதியில் இவ்விலகலின் சுமை இரட்டிப்பாகிறது.

தீர்வு எளிதன்று. கணக்குக்காக, 10,000 தொழிலாளர் உச்ச வரம்பில் தொழில்வரி செலுத்துவதாகக் கொண்டாலும் ஆண்டு வருவாய் 2.5 கோடி ரூபாய் மட்டுமே. மேலும் அது தொழிலாளரின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் வரி. அதனை உயர்த்துவதினும், ஆலைகள் தனித்தனியே பேருந்துக்குச் செலவிடும் தொகையின் ஒரு பங்கை நோக்கம் குறித்த தல நிதியாக மாற்றுவதே நீதிக்கு நெருக்கமானது. அந்நிதியிலிருந்து இரு மாநிலக் கழகங்களுக்கும் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பத் தொகை வழங்கும் கூட்டமைப்பு, 88ஆம் பிரிவின் உடன்பாட்டுக்குள்ளேயே உருவாக இயலுமா என்பது சட்ட ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க வினா. சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தைச் சட்டத்தால் உருவாக்கிய மாநிலம், எல்லைத் தொழில் நகருக்கு அதற்கு இணையான ஒன்றைக் கருதுவதில் தடையில்லை.

தஞ்சையில் 3 தம்பிடி செலுத்திய நிலக்கிழாருக்குத் தன் வரி எந்தத் தண்டவாளமாயிற்று என்பது தெரிந்திருந்தது. ஓசூர்த் தொழிலாளியின் ஊதியத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும் தொகைக்கும் அவர் காத்திருக்கும் பேருந்துக்கும் இடையே அத்தகைய தொடர்பு ஏதும் இல்லை. அத்தொடர்பை ஏற்படுத்துவதே இப்பகுதிக்குரிய போக்குவரத்துக் கொள்கையின் முதற்பணி.