மூன்றணாக் கணக்கு

மாட்டுத்தாவணியிலிருந்து இராசபாளையம் நோக்கிச் செல்லும் பேருந்துகள் திருமங்கலத்தைக் கடந்து டி. கல்லுப்பட்டியை அடைகின்றன. 1940இல் நிறுவப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே உள்ளது. ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. காந்தியப் பொருளியல் அறிஞர் என்றே நூல்கள் அவரைப் போற்றுகின்றன. ஆயினும் அவர் முதலிலும் முடிவிலும் ஒரு கணக்காய்வாளர்.

1892 சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ், இலண்டனில் கணக்காய்வாளராகத் தகுதி பெற்றுப் பம்பாயில் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடை, வசதியான வாழ்க்கை, வணிக நிறுவனங்களின் ஏடுகள் என்று நாள்கள் கழிந்தன. 1927இல் அமெரிக்கா சென்ற அவர், சிரக்யூசிலும் பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே இந்திய அரசின் வரவு செலவை ஆராயத் தொடங்கியபோது அவர் வாழ்க்கை திசை மாறியது. வரி கொடுப்பவன் உழவன். செலவோ படைக்கும் கடனுக்கும் ஆகிறது. வணிகரிடம் அவர் கேட்டுப் பழகிய கேள்வியே பேரரசை நோக்கி எழுந்தது: யாருடைய பணம், யாருக்காகச் செலவாயிற்று?

1929 மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். மரத்தடியில் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் யாரென்று அவருக்கு முதலில் தெரியவில்லையாம். அதன்பின் குசராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளியல் நிலையை ஆய்ந்தார். இந்தியாவின் மீது சுமத்தப்பட்ட கடனில் எது இங்கிலாந்தின் பொறுப்பு என்று ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவிலும் பணியாற்றினார். அதன் அறிக்கை 1931இல் வெளிவந்தது. கார்னீலியஸ் என்ற பெயர் நீங்கிப் பாட்டனார் பெயரான குமரப்பா நிலைத்ததும் இக்காலத்தில்தான்.

அவருடைய தொழில் முழுமையாகச் சோதிக்கப்பட்டது பீகாரில். 1934 சனவரி 15 அன்று வட பீகாரை நிலநடுக்கம் சிதைத்தது. இராசேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவுக்கு நாடெங்குமிருந்து நிதி குவிந்தது. அதைப் பல ஊர்களில் பல கைகள் செலவிட்டன. துயர் துடைக்கும் அவசரத்தில் பற்றுச்சீட்டு யாருக்கு நினைவிருக்கும்? இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, ஜம்னாலால் பஜாஜ் கேட்டுக்கொண்டபடி, குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் நாட்செலவுக்கு மூன்றணா என அவர் வரையறுத்தார். அது குறைந்த தொகைதான். கல்லும் மண்ணும் அள்ளிய இளைஞர்கள் முணுமுணுத்திருந்தால் குற்றம் சொல்வதற்கில்லை.

குழுக் கூட்டத்திற்குக் காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பாட்னா வந்தார். அவர்களுக்குப் பழமும் பாலும் வேண்டும். வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும். மூன்றணாவில் இவை அடங்கா. இச்செலவை நிவாரண நிதி ஏற்காது என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா தெரிவித்துவிட்டார். காந்தியடிகள் சினக்கவில்லை; அக்கணக்கரின் பக்கமே நின்றார். யாருடைய பெயரைச் சொன்னால் நாடு பணம் தந்ததோ, அவருக்கே அப்பணத்தில் பங்கில்லை என்று எழுதிவைக்கும் துணிவு அந்த ஏட்டில் இருந்தது. கணக்கேடு கவிஞர்களுக்குச் சுவையற்ற நூலாகத் தோன்றலாம். ஆயினும் இப்பக்கத்தைப் படித்தபின் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

குமரப்பா முன்கோபி என்று பெயர் வாங்கியவர். அவர் கண்டிப்பு உடனிருந்தோரை வருத்தியதும் உண்டு. ஆனால் அவருடைய சிக்கனம் தமக்கு ஒன்று, பிறர்க்கு ஒன்று என்று இருந்ததில்லை. 1934 இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் எளிய வாழ்வே வாழ்ந்தார். சிறையிலிருந்தபோது எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய ஆங்கில நூலிலும் கணக்கரின் கண்ணே தெரிகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் முதல். காடும் ஆறும் ஆண்டுதோறும் வரும் வருவாய். முதலைத் தின்று வாழும் குடும்பம் நொடித்துப்போகும் என்பது எந்த வணிகனும் அறிந்த செய்தி.

நலிந்த உடலோடு அவர் கல்லுப்பட்டிக்கு வந்தார். அவருடைய குடிலில் இரு படங்கள் இருந்தன: ஒன்று காந்தியடிகளுடையது, மற்றொன்று ஓர் ஏழைக் கிராமத்தானுடையது. முதலாமவர் தம் தலைவர், அடுத்தவர் தம் தலைவரின் தலைவர் என்று வந்தவர்களிடம் அவர் சொல்வது வழக்கம். 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா சென்னையில் காலமானார்.