மனம்சார் விறைப்புக் குறைபாடும் மூளை ஆய்வும்: வரலாறு

மனம்சார் விறைப்புக் குறைபாடு என்பது, இரத்தக் குழாய்களிலோ நரம்புகளிலோ இயக்குநீர்களிலோ குறிப்பிடத்தக்க குறை இல்லாத ஆணுக்கு அச்சம், கவலை, மனச்சோர்வு போன்றவற்றால் உடலுறவுக்குத் தேவையான விறைப்பு ஏற்படாமலோ நிலைக்காமலோ போகும் நிலையாகும். இது உடலின் குறையா, மனத்தின் குறையா என்ற கேள்வி பழமையானது. அதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடையைப் பொறுத்தே, பாதிக்கப்பட்டவருக்குப் பழியோ மருத்துவமோ கிடைத்து வந்தது.

முற்காலக் கருத்துகள்

சுசுருத சம்ஹிதை ஆண்மைக் குறைவை ஆறு வகையாகப் பிரித்து, மனத்தால் வருவதை அவற்றுள் முதலாவதாக வைக்கிறது. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ இது சூனியத்தின் விளைவு என்ற நம்பிக்கை இருந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் தீசோ 1760இல் வெளியிட்ட நூல், சுய இன்பமே உடலையும் நரம்பையும் கெடுக்கிறது என்றது. இக்கருத்து தவறானது. ஆயினும் அது பரப்பிய அச்சமும் குற்ற உணர்வும் நெடுங்காலம் நீடித்து, தாமே கவலைக்குக் காரணங்களாயின.

நரம்பும் உள்ளமும்

1863இல் செருமானிய உடலியலாளர் எக்கார்ட், நாயின் இடுப்புப் பகுதி நரம்புகளைத் தூண்டி விறைப்பை உண்டாக்கிக் காட்டினார். விறைப்பு நரம்புகளால் இயக்கப்படுவது இதனால் தெளிவாயிற்று. 1912இல் சிக்மண்ட் பிராய்டு, பலவகைப் பதற்றங்களுக்கு அடுத்தபடியாக மக்கள் உளப்பகுப்பாய்வாளரை மிகுதியாக நாடுவது மனம்சார் ஆண்மைக் குறைவுக்காகவே என்று எழுதினார். அவர் அதன் வேரைக் குழந்தைப் பருவப் பற்றுகளில் தேடினார். இவ்வாறு உடலும் மனமும் இரு வேறு துறைகளாயின.

1962இல் மக்லீன், புளூக் ஆகியோர் அணில் குரங்குகளின் மூளையில் மின்முனைகளைச் செலுத்தி, எப்பகுதிகளைத் தூண்டினால் விறைப்பு உண்டாகிறது என்று ஆராய்ந்தனர். உணர்ச்சிகளோடு தொடர்புடைய லிம்பிக் அமைப்பும் ஐப்போத்தலாமசும் இதில் பங்குகொள்வதை அவர்கள் கண்டனர்.

உறக்கம் தந்த சான்று

உறக்கத்தில் விறைப்பு குறிப்பிட்ட இடைவெளிகளில் தோன்றுவதை 1944இல் செருமானிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பின்னர் இது கனவுறக்கத்தோடு இணைந்தது எனத் தெரிந்தது. உறக்கத்தில் விறைப்பு இயல்பாக இருந்தால் உறுப்பில் பழுதில்லை என்று கொள்ளலாம். இதன் அடிப்படையில் இஸ்மத் கராஜான் போன்றோர் 1970களில் உறக்கச் சோதனையை நோயறிய உதவும் கருவியாக்கினர்.

பதற்றத்தின் பங்கு

மாஸ்டர்ஸ், ஜான்சன் இணையர் 1970இல் வெளியிட்ட நூலில், தோல்வி அச்சத்தையும் தன்னைத் தானே வேடிக்கை பார்க்கும் நிலையையும் முதன்மைப்படுத்தினர். பதற்றத்தில் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு நார்அட்ரீனலின் சுரக்கிறது. அது ஆண்குறியின் மென்தசைகளைச் சுருக்குவதால் இரத்தம் நிறைவது தடைப்படுகிறது. பாங்கிராஃப்ட், ஜான்சென் ஆகியோர் 2000இல் முன்வைத்த இரட்டைக் கட்டுப்பாட்டுக் கொள்கை, மூளையில் தூண்டும் அமைப்பும் தடுக்கும் அமைப்பும் தனித்தனியே உள்ளன என்றது. இக்கொள்கையின்படி தடுப்பு மிகும்போது குறைபாடு தோன்றும்.

இதற்கிடையே 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, இழிவுப் பொருள் தரும் பழைய சொல்லை விடுத்து 'விறைப்புக் குறைபாடு' என வழங்கப் பரிந்துரைத்தது. 1998இல் சில்டெனாபில் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது இரத்தக் குழாய்களில் செயல்படுவது. பாலியல் தூண்டல் இன்றி அது பயன் தருவதில்லை.

மூளைப் படிமங்கள்

1990களின் இறுதியிலிருந்து ஸ்கேன் கருவிகள் பாலியல் கிளர்ச்சியின்போது மூளையைக் காட்டத் தொடங்கின. 2012இல் இத்தாலிய ஆய்வுக் குழு ஒன்று, இக்குறைபாடுள்ளோரின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய அக்கும்பென்சு உட்கருவிலும் ஐப்போத்தலாமசிலும் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருப்பதாக அறிவித்தது. சீன ஆய்வாளர்கள், ஓய்வு நிலையிலும் இன்சுலா போன்ற பகுதிகளின் செயல்பாடு மாறுபடுவதாகக் கூறியுள்ளனர்.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களில் ஒரே வேளையில் செய்யப்பட்டவை. எனவே, மூளை மாற்றம் குறைபாட்டுக்குக் காரணமா, நீண்டகால மன உளைச்சலின் விளைவா என்பதை அவற்றால் பிரித்துக் கூற இயலாது. மருத்துவமனையில் இக்குறைபாட்டை உறுதிசெய்யும் சோதனையாகவும் மூளைப் படிமம் இன்னும் பயன்படவில்லை. ஆயினும், மனத்தால் வருவது என்றால் வெறும் கற்பனை அல்லது மன உறுதியின்மை என்ற பழைய கருத்துக்கு இவை இடமளிப்பதில்லை. இன்று மனநல ஆலோசனை, இணையர் இருவருக்குமான பயிற்சி, தேவையெனில் மருந்து ஆகியவை சேர்த்தே வழங்கப்படுகின்றன. விறைப்புக் குறைபாடு இதய நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், மனமே காரணம் என்று முடிவு செய்யுமுன் உடல் பரிசோதனை செய்வது மருத்துவ நடைமுறையாகும்.