வெண்குஷ்டம் என்ற அந்தச் சொல்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) மகளுக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறதாம். "வெண்குஷ்டம்னு சொல்றாங்க சார். இனி இவளை யாரு கட்டிக்குவா?" என்று அழுதாள். பிள்ளைக்கு வயது ஒன்பது!

வரலாற்று வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்? அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொன்னேன்.

சரக சம்ஹிதையில் 'குஷ்டம்' என்பது தோல் நோய்களுக்குப் பொதுப்பெயர். அதில் 18 வகை. வெண்புள்ளிக்கு 'சுவித்ரம்' என்று தனிப்பெயரே உண்டு. காலப்போக்கில் குஷ்டம் என்றாலே தொழுநோய் என்றாகிவிட்டது. 'வெண்குஷ்டம்' என்று பெயர் வாங்கிய பாவத்துக்கு, வெண்புள்ளியும் அதோடு சேர்ந்துகொண்டது. தொழுநோய் கிருமியால் வருவது. அந்தக் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்தார். வெண்புள்ளியில் கிருமியே கிடையாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுகிறது. யாருக்கும் ஒட்டாது.

1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. மருந்தால் குணமாகும் என்று தெரிந்து எத்தனையோ வருடம் கழித்து, 2019-இல்தான் எடுத்தார்கள். வெண்புள்ளி அந்தச் சட்டத்தில் எப்போதுமே இல்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் சட்டம் படித்துவிட்டா வருகிறார்கள்?

எங்கள் அத்தையைப் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். இந்த நோய் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. எங்கள் தெருவிலேயே கை முழுக்கத் திட்டு இருந்த ஒருவருக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். அத்தையோ சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். தனக்கென்று ஒரு டம்ளரை ஜன்னலில் தனியாக வைத்துக்கொண்டார். "நாங்க யாரும் வைக்கச் சொல்லலையே" என்பார் பாட்டி. உண்மைதான். ஆனால் அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைக்கவும் யாரும் இல்லை, நான் உட்பட.

"அப்போ என்னன்னு சொல்றது சார்?" என்று கேட்டாள் மாணவி.

"வெண்புள்ளின்னு சொல்லு. முதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டு. முகத்துல இருக்கறது, சீக்கிரம் வைத்தியம் ஆரம்பிச்சா நிறம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கு" என்றேன்.

திங்கட்கிழமை கூட்டிப் போகிறாள்.