பாக்கியவான் யார்?

வீடு அமைந்தாலும், மகனுக்கு உத்தியோகம் கிட்டினாலும், "கடவுள் ஆசீர்வதித்தார்" என்று மகிழ்வது நம் கிறிஸ்தவ அன்பர்களின் வழக்கம். ஏனைய சமயத்தாரும் தத்தம் தெய்வத்தின் பேரால் இதனையே சொல்வர். நன்றி கூறுதல் நற்பண்பே. ஆயினும் அச்சொல்லின் மறுபுறத்தை நாம் நோக்குவதில்லை. செல்வமே ஆசீர்வாதமாயின், வறுமை சாபமாகிவிடும். வறியவனைக் கடவுளே கைவிட்டார் எனில், அவனுக்காக நீதி கேட்கும் கடமை நமக்கு இல்லாமற் போகும். தலைவிதி என்னும் பழைய தளையே இவ்வாறு புதுப்பெயர் பூண்டு வருகின்றது. ஆதலின், கிறிஸ்தவ மறையில் இச்சொல்லுக்குப் பொருள் யாதென ஆராய்தல் தகும்.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எம்மனோர் 'பிளெஸ்ஸட்' என்னும் ஒரே சொல்லைக் கற்றோம். மூலநூலில் இரு சொற்கள் உள. கடவுள் அருள்பொழிந்து வாழ்த்துவதை எபிரேயர் 'பாரூக்' என்னும் சொல்லாற் குறித்தனர். ஒருவனது நிலையைக் கண்டு, 'இவன் பேறு பெற்றவன்' என்று பாராட்டுவது 'அஷ்ரே'. கிரேக்கத்தில் அது 'மக்காரியோஸ்'. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதல் அச்சேறியது தரங்கம்பாடியில், 1715-ஆம் ஆண்டில், சீகன்பால்குவின் முயற்சியால். பின்னர்ப் பலர் கையில் திருத்தம் பெற்று வழங்கும் தமிழ் வேதாகமம், முன்னதை ஆசீர்வாதம் என்றும், பின்னதைப் பாக்கியம் என்றும் பிரித்தே கூறுகின்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் பின்னது 'பேறு' என நல்ல தமிழாயிற்று.

இயேசு தம் மலைப்பொழிவில் யாரைப் பாக்கியவான்கள் என்றார்? எளியோரை, துயருறுவோரை, நீதிக்காகப் பசித்திருப்போரை, அதன்பொருட்டுத் துன்புறுத்தப்படுவோரை. அவ்வரிசையில் செல்வர்க்கு இடமில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, அவன் பாவமுமன்று, அவனைப் பெற்றோர் பாவமுமன்று என மறுத்தார். வறுமை நன்று என்பது இதன் கருத்தன்று; வறியவன் பக்கம் கடவுள் நிற்கின்றார் என்பதே கருத்து. ஆபிரகாமுக்கு அளித்த ஆசீர்வாதமும் அவனளவில் நிற்பதற்கன்று. அவனால் மண்ணுலகின் மக்களெல்லாம் நலம்பெறுதற்கே.

இவ்வுண்மைக்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1806-இல் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தென் திருவிதாங்கூரிலுள்ள மயிலாடிக்கு வந்தார். நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்தல் ஆகாதென்ற கொடுமை அக்காலத்தில் அங்கு நிலவிற்று. 1814-இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. எனினும் கலகங்கள் ஓயவில்லை. 1829-இல் அரசு மேலாடைக்குத் தடை விதித்தது. 1858, 1859-ஆம் ஆண்டுகளில் மீண்டும் கலகம் மூண்டது. பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. செல்வக் கணக்கில் அவர்கள் சபிக்கப்பட்டோரே! ஆனால் அவர்கள் தளரவில்லை. 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த பிரகடனம், மதவேறுபாடின்றி நாடார் பெண்கள் யாவரும் மார்பை மறைத்துக்கொள்ள இசைந்தது. உயர்குலத்தாரைப் போல் உடுத்தலாகாதென்ற நிபந்தனை அப்போதும் நீங்கிற்றில்லை. எனினும், ஒரு சாரார் பட்ட அடி, ஞானஸ்நானம் பெறாத அண்டைவீட்டுப் பெண்ணுக்கும் மானம் காத்தது. ஆசீர்வாதம் என்பது இதுவன்றோ?

இனி, நாம் வாழும் இந்நாட்டிற்கு வருவோம். 1942 ஜனவரி 31-ஆம் நாள் ஆங்கிலப் படை ஜொகூரை விட்டுப் பாலங்கடந்து சிங்கப்பூருக்குள் ஒதுங்கியது. அதன்பின் ஜப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். வாந்திபேதியாலும், மலேரியாவாலும், பசியாலும் மாண்டோர் பல்லாயிரவர். மீண்டவரைக் கடவுள் ஆசீர்வதித்தார் என்று வீட்டார் மகிழ்ந்திருப்பின் அஃது இயல்பே. ஆனால் மீளாதோர்? அவர்கள் ஆசீர்வாதம் பெறாதவர்களா? உயிர்பிழைத்தலே அருளுக்கு அளவாயின், அக்காட்டிற் புதைந்தோரை இரண்டாம் முறை புதைப்பவர் நாமே. மலைப்பொழிவின் அளவுகோலோ அவர்களைத் தள்ளுவதில்லை. துயருறுவோரிடையே முன்வரிசையில் அவர்களை நிறுத்துகின்றது.

கிராணி வேலை பார்ப்பவன் ஒன்றறிவான்: செக்ரோலில் பேர்விழுந்த நாளுக்கே சம்பளம். கடவுளின் அருளையும் அவ்வாறே கூலிக்கணக்காக எண்ணுதல் பிழை. இன்று குளுவாங், சிகாமட், கூலாய் பக்கங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் பலர் லயத்தை விட்டுப் பட்டணம் புகுந்தனர். நம் பாட்டனார் நின்ற பிரட்டுக்களத்தில் இன்று இந்தோனேசியனும் வங்காளதேசத்தவனும் நிற்கின்றனர். அவர்களுக்குக் கூலி குறையும்போது வாய்மூடியிருந்துவிட்டு, ஞாயிறன்று நம் வீட்டையும் வண்டியையும் காட்டி, 'நான் பாக்கியவான்' எனல் தகுமோ?

கடவுள் எனக்கு என்ன தந்தார் என்று கேட்பதோடு நில்லாது, என்னிடம் தந்தது யாருக்காக என்று கேட்போமாக. அக்கேள்விக்கு விடையாக வாழ்பவனே பாக்கியவான்.