அன்னாசிப்பூ: பார்க்க ஒரே மாதிரி... ஆனால் ஒன்று மசாலா, இன்னொன்று நஞ்சு!

பிரியாணியிலும் சூப்பிலும் போடும் அன்னாசிப்பூ நமக்கு நன்றாகத் தெரியும். மலாயில் 'பூங்கா லாவாங்'. பெயரில்தான் 'பூ', உண்மையில் அது ஒரு மரத்தின் காய்ந்த கனி.

அதே நட்சத்திர வடிவில் கனி தரும் இன்னொரு மரமும் இருக்கு. அதைச் சாப்பிடவே கூடாது.

இரண்டும் எங்கே வளருது?

சீன அன்னாசிப்பூ தெற்குச் சீனாவிலும் வியட்நாமிலும் பயிராகிறது. சமையலோடு சீனப் பாரம்பரிய மருத்துவத்திலும் அதற்கு இடம் உண்டு.

ஜப்பானிய அன்னாசிப்பூவின் பெயர் 'ஷிகிமி'. ஜப்பானில் அதன் கிளைகளைப் புத்தர் கோயில்களிலும் கல்லறைகளிலும் வைப்பார்கள். ஊதுபத்தியும் செய்வார்கள். உணவில் சேர்ப்பதில்லை.

உள்ளே என்ன வித்தியாசம்?

சீன வகையின் எண்ணெயில் பெரும்பகுதி 'அனெத்தோல்'. சோம்பு போன்ற வாசனை அதிலிருந்துதான் வருது. ஜப்பானிய வகையில் அது மிகக் குறைவு.

ஆனால் ஜப்பானிய வகையில் 'அனிசாட்டின்' என்ற நஞ்சு உண்டு. நம் மூளையின் பரபரப்பைக் கட்டுப்படுத்த 'காபா' எனும் வேதிப்பொருள் உதவுகிறது. அனிசாட்டின் அந்த வேலையைத் தடுத்துவிடும். விளைவு? வாந்தி, நடுக்கம், வலிப்பு.

பார்த்தால் கண்டுபிடிக்கலாமா?

கஷ்டம்தான். ஜப்பானியக் கனி சற்றுச் சிறியது, நுனி வளைந்திருக்கும், சோம்பு வாசனை இருக்காது. ஆனால் இரண்டும் கலந்துவிட்டாலோ பொடியாகிவிட்டாலோ ஆய்வுக்கூடச் சோதனைதான் வழி.

உண்மையிலேயே யாருக்காவது பாதிப்பு வந்ததா?

வந்தது. அன்னாசிப்பூ தேநீர் குடித்த சுமார் 40 பேர் நோயுற்றதாக 2003இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அவர்களில் சுமார் 15 பேர் கைக்குழந்தைகள். வயிற்றுவலி தீரும் என நம்பிச் சில குடும்பங்கள் குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதுண்டு. ஜப்பானிய வகை கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது.

தெரியுமா?

'டாமிஃப்ளூ' சளிக்காய்ச்சல் மருந்தைத் தயாரிக்க 'ஷிகிமிக் அமிலம்' தேவை. 1885இல் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஷிகிமியிலிருந்து. பெயரும் அப்படி வந்ததுதான். ஆனால் மருந்துக்கு அதிகம் பயன்பட்டது சீன அன்னாசிப்பூ!

அப்போ சமையலில் போடலாமா?

தாராளமாக. கவனிக்க வேண்டியவை இவைதான்:

• எந்த வகை, எங்கிருந்து வந்தது என்று பொட்டலத்தில் குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.
• காட்டிலோ தோட்டத்திலோ பறித்ததைப் பயன்படுத்தாதீர்கள்.
• கைக்குழந்தைக்கு அன்னாசிப்பூ கஷாயம் வேண்டவே வேண்டாம். சீன வகையிலும் நரம்பைத் தாக்கும் பொருள்கள் மிகச் சிறிய அளவில் உண்டு.
• குடித்தபின் வாந்தியோ வலிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமுள்ள அன்னாசிப்பூவையும் மறக்காமல் கொண்டுபோங்கள். எந்த வகை என்று கண்டறிய அது உதவும்.