விறகும் காவல் கூலியும்

சென்ற வாரம் 1895 அக்டோபரில் நிறுத்தியிருந்தோம். கவர்னர் வென்லாக் பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஊரெல்லாம் அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக் பேச்சு. மறு ஆண்டு, 1896-ல், திண்டுக்கல் பக்கம் கள்ளர் சாதியாரின் வீடுகள் எரிந்தன. அந்தக் கலகம் பழனியைத் தொட்டு, பள்ளத்தாக்கு அடங்கிய பெரியகுளம் தாலுகா வரை எட்டியது. அணைக்கும் கலகத்துக்கும் நேரடியாக முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் அந்த ஆண்டில் இந்தப் பக்கம் விளைச்சலுக்கும் மாட்டுக்கும் காவல் யார், கூலி யாருக்கு என்ற கேள்வி சூடாகத்தான் இருந்தது.

இதைப் 'பண்டுக் கலகம்' என்பார்கள். 1906-ல் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய மதுரை மாவட்ட கெஸட்டியரில் இதன் கதை இருக்கிறது. ஒரு பெண்ணைச் சுற்றி எழுந்த குடும்பத் தகராறுதான் தொடக்கப் பொறி என்று சொல்லப்படுகிறது. அது எப்படியோ போகட்டும், பற்றிக்கொண்டது வேறு. ஊர் ஊராகக் குடியானவர்கள் கூடிப் பணம் போட்டுப் பொது நிதி, அதாவது 'பண்டு', சேர்த்தார்கள். மாடு திருட்டுப் போனால் நஷ்டம் அந்தப் பண்டிலிருந்து வரும். அப்படியானால் கள்ளர் காவல் எதற்கு? காவல்காரரை நிறுத்தினார்கள். கூலியை மறுத்தார்கள். கடைசியில் குடும்பத்தோடு ஊரைவிட்டே விரட்டினார்கள்.

காவல் என்பது இங்கே பழைய ஏற்பாடு. அறுவடைக் களத்தில் காவல்காரருக்கென்று தானியம் அளந்துவிட வேண்டும். பதிலுக்குக் களவு நடக்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு. நடந்தால் பொருளைத் தேடிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. காவல் போடாத வீட்டில் மாடு காணாமல் போகும். போன மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வருவார். அவருக்குத் துப்புக் கூலி கொடுத்தால் விடிவதற்குள் மாடு தொழுவத்தில் நிற்கும். இதையெல்லாம் மறைத்துக் கள்ளர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. ஆனால் காவலைப் பறித்துப் போலீசிடம் கொடுத்த கம்பெனி ஆட்சியும் அதன் பின் வந்த ஆட்சியும் அந்தக் குடும்பங்களின் சோற்றுக்கு என்ன வழி வைத்தன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பயத்தோடு பழைய கசப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று புரிய, இந்த இடத்தில் இருநூறு ஆண்டு பின்னே போய், கடல் கடந்து ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது உதவும். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் அப்போது இங்கிலாந்தின் குடியேற்றம். அங்கே சேலம் கிராமம் (நம் மாம்பழச் சேலம் அல்ல). குடியிருந்தவர்கள் பியூரிட்டன்கள், கண்டிப்பான கிறிஸ்தவர்கள். 1692 ஜனவரியில் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டுச் சிறுமிகள் இருவர், ஒன்பது வயது மகளும் பதினோரு வயது உறவுக்காரப் பெண்ணும், கை கால் முறுக்கிக் கத்தத் தொடங்கினார்கள். சூனியம் என்றார் வைத்தியர். யார் வைத்தது? முதலில் சிக்கியவர்கள் மூவர்: பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்டூபா, வீடு வீடாகக் கையேந்திய சாரா குட், சர்ச்சுக்கு வராமல் படுத்த படுக்கையாய்க் கிடந்த சாரா ஆஸ்போர்ன். பரிந்து பேச ஆளில்லாதவர்கள். ஊருக்கு வடக்கே பூர்வகுடிகளோடு நடந்த எல்லைப்போரில் தப்பி வந்த அகதிகளின் பீதி வேறு நெருப்புக்கு விசிறி விட்டது.

பீதி மட்டும் என்றால் மூவரோடு நின்றிருக்கும். நிற்கவில்லை. 1691 இலையுதிர் காலத்தில் ஊர்க் கமிட்டி ஐந்து பேர் கையில் இருந்தது. பாரிஸுக்குச் சம்பள வரி வசூலிக்க மாட்டோம் என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். குளிர் இறங்கும் நேரத்தில் பாதிரியார் வீட்டில் அடுப்புக்கு விறகில்லை. விறகு கொடுப்பது யார், பாதிரியார் வீடு யார் பேரில் இருக்கிறது என்று மேடையில் பிரசங்கம், வெளியில் சண்டை. அந்த ஐவரில் ஒருவர் பிரான்சிஸ் நர்ஸ். மறு ஆண்டு மார்ச்சில் அவர் மனைவி ரெபெக்கா நர்ஸ் சூனியக்காரி என்று பிடிக்கப்பட்டார். வயது 71. ஊரே மதித்த பாட்டி. ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றார்கள், சிறுமிகள் அலறினார்கள், தலைமை நீதிபதி மறுபடி யோசிக்கச் சொன்னார், ஜூலையில் தூக்கு. பாரிஸுக்கு ஆதரவாக நின்ற தாமஸ் புட்னம் குடும்பம் புகார்மேல் புகார் எழுதிக் கொடுத்தது. ரெபெக்காவின் பிறந்த வீட்டாரோடு புட்னம்களுக்கு நில எல்லைத் தகராறு ஒன்றும் பழைய பாக்கியாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 19 பேர் தூக்கில், ஒருவர் கல்லடுக்கி நசுக்கப்பட்டு, மேலும் சிலர் சிறையில் என்று செத்தார்கள். ஷெரிப் கார்வின் கைதானவர்களின் மாட்டையும் தானியத்தையும் அள்ளிக்கொண்டு போனார்.

புட்னம் வீட்டார் உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சூனியத்தை நம்பினார்கள், மனதார. ஆனால் சூனியக்காரி யார் என்று தேடும்போது அவர்கள் கண் போன திசை, ஏற்கெனவே கசப்பு இருந்த வீட்டின் திசை. கெட்ட எண்ணமே இல்லாமல்கூட இது நடக்கும். அதுதான் பயம்.

திரும்பி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூனியம் கற்பனை, மாட்டுத் திருட்டு கற்பனையல்ல. மாட்டை இழந்தவனின் கோபம் நியாயமானது. ஆனால் மாட்டைத் திருடியவனோடு அந்தக் கோபம் நிற்காமல், அவன் பிறந்த சாதி முழுவதையும் தொட்டில் குழந்தை வரை குற்றவாளி என்றபோது, சாட்சியே தேவைப்படாத இடத்துக்கு நம் குடியானவர்களும் போய்விட்டார்கள். சேலத்தில் 'அவள் ஆவி வந்து என்னைக் கிள்ளியது' என்றால் போதும். இங்கே பிறந்த வீட்டின் பெயர் போதும்.

1896-ல் ஊரார் சொன்னதைச் சர்க்கார் சட்டமாகவே எழுதிக்கொண்டது. வட இந்தியாவுக்கென 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறின. இதற்கு மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும்; நேற்றுக் கல்யாணமான மாப்பிள்ளைக்கும் அதே விதி. வெளியூரில் சாவு என்றாலும் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்காமல் கிளம்ப முடியாது.

சீட்டு யார் கையில் இருந்தது என்று பாருங்கள். ஒருவன் நல்லவனா கெட்டவனா, பட்டியலில் இருந்து விடுவிக்கலாமா என்பதெல்லாம் ஊர் அதிகாரியும் போலீசும் சொல்லும் வார்த்தையில் நின்றது. வரப்புத் தகராறு உள்ளவன், கூலி பாக்கி கேட்டவன், முறைத்துப் பார்த்தவன் எல்லோரையும் வழிக்குக் கொண்டுவர அந்தத் துண்டுக் காகிதம் போதும். சர்க்காருக்கும் இதில் ஆதாயம் உண்டு. போலீஸ் செலவு குறையும். சீர்திருத்தம் என்ற பெயரில் ஆலைக்கும் மலைத்தோட்டத்துக்கும் ஆள் அனுப்பலாம். உழவனாக மாறு என்று உபதேசம் கேட்ட பிரமலைக் கள்ளரின் உசிலம்பட்டிச் சீமைக்கோ பெரியாற்றுத் தண்ணீர் வரவேயில்லை. அது வைகை வழியாக மேலூர்ப் பக்கம் போயிற்று.

1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சீமையின் பெருங்காமநல்லூர் கிராமம் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். கள்ளர் தரப்பில் வாதாட வந்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்றே அழைத்தார்கள். அவருக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். துப்பாக்கிக்குப் பின்னால் சர்க்கார் சீரமைப்புத் துறையையும் கொண்டுவந்தது. அதன் கீழ் தொடங்கிய கள்ளர் பள்ளிகள் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அதில் படித்து வந்தவர்கள் ஏராளம். அந்த நன்மையையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சேலத்தில் 1706-ல் தாமஸ் புட்னத்தின் மகள் ஆன் புட்னம், சிறுமியாக இருந்தபோது தான் சொன்ன சாட்சியால் குற்றமற்றவர்கள் செத்தார்கள் என்று சர்ச்சில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். 1711-ல் மசாசூசெட்ஸ் அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் கொடுத்தது. இங்கே முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி போன்றோர் நடத்திய போராட்டங்களுக்குப் பின், 1947-ல் சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ரத்து செய்தது. பணமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மறு ஆண்டே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று இன்னொன்று வந்தது.

(தொடரும்)