உப்புத்தூணும் உப்புக் குறளும்

எங்கள் ஆயா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். கிளியனூரில் இருட்டோடு எழுந்து கூழைக் குடித்துவிட்டு, கூடையும் சும்மாட்டுத் துணியுமாகக் கிளம்புவாள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளையைப் பார்க்க முடியாது, கண் எரியும். பாதத்தில் எப்போதும் ஆறாத வெடிப்பு. அந்தக் காலோடுதான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வருவாள்.

ஒரு தவக்காலத்தில் லோத்தின் மனைவியைப் பற்றிப் பிரசங்கம். சோதோம் நெருப்பில் அழிகிறது. குடும்பம் தப்பியோடுகிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. அவள் பார்த்தாள், உப்புத்தூண் ஆனாள். ஆண்டவர் பேச்சையும் புருஷன் பேச்சையும் கேட்காத பெண்ணின் கதி இதுதான் என்று சாமியார் முடித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது ஆயா கேட்டாள், "அவளுக்குப் பேரே இல்லியா?" கொஞ்ச தூரம் போனதும், "வூட்ட வுட்டுட்டு வர்றவ திரும்பித்தான் பாப்பா" என்றாள்.

பல ஆண்டுகள் கழித்துத் தொடக்கநூலின் 19ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். அவள் முடிவுக்கு மூலத்தில் ஒரே ஒரு வசனம்தான். பெயர் இல்லை, ஏன் திரும்பினாள் என்ற காரணமும் இல்லை. புருஷன் பேச்சைக் கேட்காதவள் என்பது அங்கே எழுதப்படவே இல்லை. காரணத்தை எழுதியவர்கள் உரைகாரர்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையிலிருந்து கொரிந்து சபைக்குப் போன கிளமெந்தின் கடிதம், அவளைக் கணவனோடு மனம் ஒத்துப்போகாதவள், இரு மனத்துக்காரி என்கிறது. எங்கள் சாமியார் சொன்னதன் வேர் ஏறக்குறைய 1900 ஆண்டுப் பழமையானது.

ஆனால் கிட்டத்தட்ட அதே பழமையுள்ள இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியோன் நகர ஆயராக இருந்த இரனேயு, அந்த உப்புத்தூணைத் திருச்சபையாகவே பார்த்தார். மண்ணுலகுக்கு உப்பு என்று இயேசு சொன்னதை அவளோடு சேர்த்துப் படித்தார். எல்லாரும் போன பிறகும் துன்பங்களின் நடுவே பூமியில் அழியாமல் நிற்பவள் அவள். சபைத் தந்தை என்று கொண்டாடப்படும் ஒருவர் எழுதியதுதான் இது. பிறகும் ஏன் ஆயாவின் காதுக்குக் கிளமெந்தின் குரல் மட்டும் வந்து சேர்ந்தது? எழுதப்பட்டவை இரண்டு; சொல்லப்பட்டது ஒன்று. அந்தத் தேர்வை நடத்தியவர்களில் உப்பு வாரிய ஒருத்தியும் இல்லை.

இதை வேதத்தின் சிக்கல் என்று ஒதுக்கிவிட்டு நம் இலக்கியத்தில் நிம்மதி தேட முடியாது. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். அவர்களில் பரிமேலழகர்தான் இன்றும் ஆட்சி செய்கிறார். மக்கட்பேறு என்று மணக்குடவர் உரையில் இருக்கும் ஏழாம் அதிகாரத்தின் தலைப்பு அவரிடம் புதல்வரைப் பெறுதல் ஆகிறது. முதல் குறளில் 'மக்கள்' என்று வருகிறது. அறிவு என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் அந்த 'மக்கள்' பெண்ணை விலக்கி நிற்கிறது என்று உரை சொல்கிறார். வள்ளுவர் வைத்த பொதுச்சொல்லிலிருந்து பெண்பிள்ளைகள் வெளியே அனுப்பப்பட்டுவிட்டார்கள். பவுலின் திருமுகங்களில் வரும் 'சகோதரரே' என்ற விளியும் இதற்கு உறவுதான். சபையில் பெண்களும் உட்கார்ந்துதான் அதைக் கேட்டார்கள். 1995இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு அதைப் பல இடங்களில் 'சகோதர சகோதரிகளே' என்று எழுதியது. உரை மாற முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அதே அதிகாரத்தின் 69ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் சான்றோன் எனக் கேட்ட தாய், அவனைப் பெற்ற பொழுதைவிட மகிழ்கிறாள். ஏன் 'கேட்ட' என்றார்? பெண் தன் இயல்பால் தானாக அறிய மாட்டாள், பிறர் சொல்லித்தான் அறிவாள் என்கிறார் பரிமேலழகர். ஊர் மெச்சினால் எந்தத் தாய்க்கும் மகிழ்ச்சிதான், அதைச் சொல்ல அவளை அறிவில்லாதவள் ஆக்க வேண்டியதில்லை. லூக்கா 24இல் நடப்பது இதன் மறுபக்கம். மகதலா மரியாவும் யோவன்னாவும் யாக்கோபின் தாய் மரியாவும் வெறுமையான கல்லறையைக் கண்டுவந்து சொல்கிறார்கள். திருத்தூதர்களுக்கு அது வெறும் பிதற்றலாகப் படுகிறது. ஒரு நூலில் அவளுக்குத் தானாகத் தெரியாது. இன்னொன்றில் அவள் கண்ணால் கண்டு சொன்னாலும் எடுபடாது. ஆனாலும் நற்செய்தியாளர், ஆண்கள் நம்பவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்த இரண்டு நூல்களும் ஒரே மேசையில் சந்தித்த ஒரு தருணம் தமிழ் வரலாற்றில் உண்டு. வீரமாமுனிவர் என்ற பெஸ்கி, 1730இல் குறளை இலத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் போயின, காமத்துப்பால் போகவில்லை. அதாவது, கணவனைத் தொழுது எழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்கிற 55ஆம் குறள் போயிற்று. மனைவி சொல் கேட்பவனைப் பழிக்கிற பெண்வழிச் சேறல் போயிற்று. நின்றுபோன 25 அதிகாரங்களில்தான் ஒரு பெண் பக்கம் பக்கமாகத் தன் வாயால் பேசுகிறாள்: ஆசையைச் சொல்கிறாள், மாலைப்பொழுதைத் திட்டுகிறாள், தன் நெஞ்சோடு சண்டை போடுகிறாள். பெண்ணைப் பற்றி ஆண் சொன்னது கடல் தாண்டியது. பெண் சொன்னது கரையிலேயே நின்றது.

துறவிக்குக் கூச்சம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். அவர் கையில் இருந்த வேதத்திலேயே இனிமைமிகு பாடல் இருக்கிறது. அதுவும் ஒரு பெண் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்வதில்தான் தொடங்குகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் அதற்கு நீண்ட உரை எழுதினார். அவள் திருச்சபை, அவள் ஆன்மா, அவன் கிறிஸ்து என்று வழி காட்டி அந்தப் பாடலை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். நம்மாழ்வாரின் பராங்குச நாயகியை வைணவ உரைகாரர்கள் காப்பாற்றியதும் இப்படித்தான். காதல் பாட்டுக்கு இடம் ஒதுக்கும் வித்தை பெஸ்கிக்குத் தெரியாததல்ல. இன்னொன்றும் உண்டு. 1726இல் அவர் முடித்த தேம்பாவணி, ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி ஆகிரேதா மரியா எழுதிய நூலைத் தழுவியது என்பர். ஒரு பெண்ணின் எழுத்திலிருந்து காப்பியம் கட்டியவருக்கு இன்னொரு பெண்ணின் குரலை ஏற்றிச்செல்ல மனம் வரவில்லை.

அவருக்குப் பின் ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ பாதிரியார் 63 அதிகாரங்களோடு நின்றார். ஜி.யு. போப் 1886இல் முழுநூலையும் பெயர்த்தார். தன் மனத்தடையால் மூன்றாம் பாலைப் பல ஆண்டுகள் படிக்காமலே இருந்ததாக முன்னுரையில் ஒப்புக்கொண்டார். மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் மலைப்பொழிவைக் கேட்டிருக்கலாம் என்று ஊகித்தவரும் அவரே. ஆதாரம் இல்லாத ஊகம் அது. ஆனால் மூன்றாம் பாலையும் கடைசியில் படித்துவிட்டாரே, அதற்காக அவரை மன்னிக்கலாம். பாதிரிமாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் குறளைப் பள்ளிப் பாடத்தில் விரிவாகச் சேர்க்கச் சொன்னபோதும் அறத்துப்பால், பொருட்பால் என்றுதான் பேச்சு. பெஸ்கி போட்ட கோடு 286 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே இடத்தில் இருந்தது.

விடுபட்டது திரும்பி வருவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கிளியனூர் சிவன் கோயிலுக்கு உரியதாகச் சொல்லப்படும் சம்பந்தர் பதிகமே பழைய தேவாரப் பதிப்புகளில் இல்லாமல் பின்னாளில் கிடைத்ததுதான்.

காமத்துப்பாலை நான் முழுதாகப் படித்தது கல்லூரி முடிந்த பிறகு, நூலகத்தில். 131ஆம் அதிகாரத்தில், 1302ஆம் குறளில் நின்றுவிட்டேன். ஊடல் உணவில் அளவாகச் சேர்ந்த உப்பு போன்றது, நீண்டால் உப்பு மிகுந்ததாகிவிடும் என்கிறது அது. கோபித்துக்கொள்ளும் பெண்ணை அங்கே யாரும் தூணாக்கவில்லை. அவள் கோபம் இல்லாவிட்டால் வாழ்க்கை சப்பென்று போகும் என்பதுதான் கணக்கு. அளவு மீறக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது, அதை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் இந்த உப்பும் இலத்தீனுக்குப் போகவில்லை.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. குறளும் தெரியாது. தாத்தாவோடு பேச்சு நின்ற நாட்களில் அவள் குழம்பில் உப்பு போட மாட்டாள். வீட்டு மூலையில் பானை நிறைய உப்பு இருக்கும். தாத்தா வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். நாங்கள் பிள்ளைகள் மட்டும் பானைக்குள் கையைவிட்டு ஆளுக்கு ஒரு கல் எடுத்துக்கொள்வோம்.